கருத்தடை முறையை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? தமிழ்நாட்டுப் பெண்களின் தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். காப்பர்-டி பொருத்திக்கொண்டவர்கள் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. மாத்திரையோ ஊசியோ பயன்படுத்துகிறவர்கள் மிகச் சிலர். ஆண்களுக்கான அறுவை சிகிச்சை ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. இத்தனை முறைகள் இருந்தும் ஒரே முறையின் பக்கம் இவ்வளவு பெண்கள் சாய்வது ஏன் என்பதைச் சுற்றி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறோம்.

நவீனக் கருத்தடை முறைகள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

பெண்ணுக்கும் ஆணுக்குமான அறுவை சிகிச்சைகள், கருப்பையில் பொருத்தும் காப்பர்-டி, தினசரி மாத்திரை, வாரம் ஒரு முறை எடுக்கும் 'சாயா' மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் 'அந்தரா' ஊசி, ஆணுறை, அவசரக் கருத்தடை மாத்திரை ஆகியவை நம் அரசு மருத்துவமனைகளிலும் மருந்துக்கடைகளிலும் வழக்கில் உள்ளவை. குழந்தை பிறந்து ஆறு மாதம் நிறையாமல், மாதவிடாய் திரும்பாமல், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல் இருக்கும் காலத்தில் தாய்ப்பாலும் நல்ல பாதுகாப்பைத் தரும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அதை நம்பியிருக்கக் கூடாது. நாள் கணக்குப் பார்ப்பதும், உறவின்போது ஆண் விலகிக்கொள்வதும் மரபான முறைகளில் சேரும். அவற்றில் தவறும் வாய்ப்பு மிக அதிகம்.

தமிழ்நாட்டில் ஏன் இத்தனை பெண்கள் அறுவை சிகிச்சையையே நாடுகிறார்கள்?

இதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. முதலில் வரலாற்றைப் பார்க்க வேண்டும். இந்தியா 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக அறிவித்தது. உலகில் ஓர் அரசு அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. சென்னை மாநிலம் இதில் முன்னோடியாக நின்றது. 1950களின் பிற்பகுதியிலேயே அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாட்டை அது தொடங்கிவிட்டது. அன்று முதல் பல பத்தாண்டுகள் ஒரு மாவட்டத்தின் குடும்பநலப் பணி நன்றாக நடக்கிறதா என்பதை எத்தனை அறுவை சிகிச்சை நடந்தது என்ற எண்ணிக்கையே தீர்மானித்தது. செவிலியருக்கு இலக்கு, மருத்துவருக்கு இலக்கு, ஊராட்சி ஒன்றியத்துக்கு இலக்கு என்று எல்லாமே எண்ணாகிப் போனது. 1996இல் இந்திய அரசு இந்த இலக்கு முறையைக் கைவிட்டது. ஆனால் நாற்பது ஆண்டுகளாகப் பழகிய நடைமுறை ஓர் அரசாணையோடு மறைந்துவிடுவதில்லை. 'குடும்பக் கட்டுப்பாடு' என்று சொன்னாலே அறுவை சிகிச்சை என்றுதான் இன்றும் நம் வீடுகளில் புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாவது காரணம், பிரசவம் நடக்கும் இடம். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பின்படி, அவற்றில் நூற்றுக்கு 45 வரை அறுவைப் பிரசவங்கள். இரண்டாவது குழந்தைக்கு வயிற்றைத் திறக்கும்போதே கருக்குழாயையும் கட்டிவிட்டால் வேலை ஒரே தடவையில் முடிந்துவிடும், மறுபடி மருத்துவமனைக்கு அலைய வேண்டாம், வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் இன்னொரு முறை விடுப்பு எடுக்க வேண்டாம் என்று பெண்களே கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. அதைப் பேதைமை என்று ஒதுக்குபவர்கள், கைக்குழந்தையோடு பேருந்து பிடித்து மருத்துவமனைக்குப் போய் வரும் ஒரு பெண்ணின் நாளைப் பார்த்ததில்லை.

மூன்றாவது காரணம் காலம். இருபத்தொன்றில் திருமணம், அடுத்த ஆண்டே முதல் குழந்தை, இரண்டு மூன்று ஆண்டில் இரண்டாவது குழந்தை, இருபத்தாறு வயதுக்குள் அறுவை சிகிச்சை என்ற வரிசை இங்கே பரவலானது. திருமணத்துக்கும் முதல் குழந்தைக்கும் நடுவிலோ, முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலோ எந்த நவீன முறையையும் பயன்படுத்தாமலே இந்த வரிசையைக் கடந்துவிடுகிற பெண்கள் ஏராளம். அப்படிப்பட்ட ஒருவர் தன் வாழ்நாளில் பயன்படுத்தும் முதல் நவீன முறையும் கடைசி நவீன முறையும் அறுவை சிகிச்சையே. என் பார்வையில் இங்கே மிகவும் கவலைக்குரியது இதுதான். அறுவை சிகிச்சை பாதுகாப்பான, நல்ல முறை. ஆனால் மற்ற முறைகளைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே அது வந்து சேர்ந்துவிடுகிறது.

அப்படியானாலும், அது அந்தப் பெண்ணின் சொந்த விருப்பம்தானே?

பெரும்பாலும் அவர் ஒப்புக்கொண்டுதான் நடக்கிறது. எந்தச் சூழலில் ஒப்புக்கொள்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான சோதனை நாள். வெளியே பெஞ்சு நிறைய ஆள் இருக்கும். எடை, இரத்த அழுத்தம், ஊசி, இரும்புச்சத்து மாத்திரை என்று ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்கள்தான். செவிலியர் அட்டையை நிரப்பிக்கொண்டே கேட்பார்: "இது ரெண்டாவதுதானே? ஆபரேஷன் பண்ணிக்கிறாங்களா?" பின்னால் பையோடு நிற்கும் மாமியார் சொல்வார்: "அதெல்லாம் பண்ணிடலாம் சிஸ்டர், அவங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டோம்." அந்தப் பெண் எடை பார்க்கும் கருவியிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். அட்டையில் ஒரு குறி விழும். யாரும் யாரையும் மிரட்டவில்லை, செவிலியரும் மாமியாரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார்கள். ஆனால் கேள்வி அந்தப் பெண்ணிடம் போகவே இல்லை, காப்பர்-டி, ஊசி என்ற சொற்களும் அங்கே எழவில்லை.

உண்மையான ஒப்புதல் என்றால், இருக்கிற முறைகள் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நேரக்கூடிய தொல்லைகளைச் சொல்லியிருக்க வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் அது நிரந்தரமானது, குழாயை மீண்டும் இணைக்கும் சிகிச்சை கடினமானது, பலிக்கும் என்ற உறுதி இல்லாதது என்பதும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். மயக்க மருந்தின் பிடியில் இருக்கும்போது ஒப்புதல் வாங்கக் கூடாது என்பது அரசின் நெறிமுறை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பகுதியில் ஒரு முகாமில் சில மணி நேரத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அந்த நாட்களில் பதின்மூன்று பெண்கள் இறந்தார்கள். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் முகாம்களை நிறுத்த வேண்டும் என்றும், ஒப்புதல் தருபவர் புரிந்துகொள்ளும் மொழியில் விளக்கம் தர வேண்டும் என்றும் வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் அறுவை சிகிச்சையின் தரம் நல்ல நிலையில் இருக்கலாம். விளக்கிச் சொல்லும் கடமை அதனால் குறைந்துவிடாது.

அறுவை சிகிச்சைக்குக் கணவரின் சம்மதம் வேண்டுமா?

அரசின் விதிகளின்படி வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் பெண் திருமணமானவராகவும், 22 வயதுக்கு மேல் 49க்கு உட்பட்டவராகவும், ஒரு வயது நிறைந்த ஒரு குழந்தையேனும் உள்ளவராகவும் இருக்க வேண்டும். தன் ஒப்புதலை அவரே தரலாம். ஆயினும் பல மருத்துவமனைகளில் கணவரை அழைத்து வரச் சொல்வது வழக்கமாக இருக்கிறது, பின்னால் தகராறு வந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில். காப்பர்-டிக்கும் ஊசிக்கும் இதே பதில்தான்.

சட்டம் ஒன்று, வீடு வேறு. கணவர் ஒத்துழைக்காத இடத்தில் ஆணுறைக்கு வழியே இல்லை. தினசரி மாத்திரையை எங்கே வைப்பது என்பதுகூடச் சிக்கலாகிவிடும். வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைக்கும் பெண்கள் ஊசியை விரும்புவதற்குக் காரணம் இது. தன் கையில் பணமும் தனியாக வெளியே போய் வரும் வாய்ப்பும் உள்ள பெண்ணுக்கு முறைகளின் பட்டியலே நீளமாகிவிடுகிறது. 1928இலேயே சென்னையில் கருத்தடைக்காக ஒரு சங்கம் தோன்றியது. அந்தக் காலத்தில் பலரும் குடும்பப் பொருளாதாரத்தையும் உடல்நலத்தையும் காரணம் காட்டிக் கருத்தடையை ஆதரித்தபோது, பெரியார் பெண்ணின் விடுதலைக்கே அது தேவை என்று வாதிட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்தும் அந்த வாதம் பழையதாகிவிடவில்லை.

ஆண்கள் ஏன் விலகி நிற்கிறார்கள்?

எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் இந்தியாவில் கருத்தடை அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் ஆண்களுக்கானதுதான். 1971இல் கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல், நாடெங்கும் சுமார் 62 இலட்சம் ஆண்களுக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்தது. வட மாநிலங்களில் பல இடங்களில் கட்டாயப்படுத்தியே செய்தார்கள். அதற்குப் பின் அரசுகள் ஆண்களிடம் இதைப் பற்றிப் பேசத் தயங்கின. திட்டத்தின் பெருஞ்சுமை பெண்ணின் வயிற்றின் மீது வந்து இறங்கியது.

இன்று கத்தியும் தையலும் இல்லாமல் சில நிமிடங்களில் முடியும் சிகிச்சை அது. பெண்ணுக்கான அறுவை சிகிச்சையைவிட எளியது, ஆபத்து குறைந்தது. ஆண்மை குறையாது, விந்து வெளிப்படுவதும் நிற்காது. சிகிச்சைக்குப் பின் மூன்று மாதம் வரை வேறொரு முறையைக் கையாள வேண்டும் என்பது மட்டுமே நினைவில் வைக்க வேண்டியது. "அவர் பாரம் தூக்குறவர், அவருக்கு வேண்டாம்" என்று கணவருக்காக மனைவியே மறுப்பதை அடிக்கடி கேட்கலாம். அறுவைப் பிரசவத்தின் தையல் ஆறுவதற்குள் குடம் தூக்கும் பெண்ணே இதைச் சொல்கிறார் என்பது வருத்தம் தருகிறது.

காப்பர்-டி பற்றி ஏன் இவ்வளவு பயம்?

பயத்தில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து "மூடநம்பிக்கை" என்று தள்ளிவிடக் கூடாது.

காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும், கணவருக்குக் குத்தும், அது இருக்கும்போதே கருத்தரித்தால் குழந்தையின் தலையில் ஒட்டிக்கொண்டு பிறக்கும், உடம்புச் சூட்டைக் கிளப்பும் என்பவை முதல் வகை. கருப்பையிலிருந்து நெஞ்சுக்குப் போக வழியில்லை. மிக அரிதாகக் கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போகக்கூடும். அது பெரும்பாலும் பொருத்தும் நேரத்தில் நேர்வது, பயிற்சி பெற்றவர் பொருத்தினால் அந்த வாய்ப்பு மிகமிகக் குறைவு. பிறந்த குழந்தையின் கையில் காப்பர்-டி இருப்பதாகப் பரவும் படங்கள் அச்சத்தை வளர்க்க மட்டுமே பயன்படுகின்றன.

இரண்டாவது வகை உண்மையான தொல்லைகள். பொருத்திய முதல் சில மாதங்களில் உதிரப்போக்கு அதிகமாகலாம், மாதவிடாய் வலி கூடலாம். சிலருக்கு அது தானாகவே கீழிறங்கி வெளியே வந்துவிடும், குறிப்பாகப் பிரசவம் முடிந்த உடனே பொருத்தியவர்களுக்கு. இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அதிக உதிரப்போக்கு சிறிய தொல்லை இல்லை, நம் மாநிலத்தில் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை இருக்கிறது. இதைப் பொருத்துவதற்கு முன்பே சொல்லிவிட்டால், பெண் எதிர்பார்த்து இருப்பார். சொல்லாமல் விட்டால் இரண்டாம் மாதமே எடுத்துவிட்டு, தெருவில் பத்துப் பேரிடம் சொல்லுவார். அக்கம்பக்கத்தில் ஒரு பெண் பட்ட பாடு பத்துத் துண்டறிக்கைகளைவிட அதிகமாகப் பேசும்.

பிரசவம் ஆன நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ளோ அறுவைப் பிரசவத்தின்போதோ காப்பர்-டி பொருத்துவது இப்போது பரவலாகியிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், இரண்டு குழந்தைகளுக்கு இடையே இடைவெளி தேவைப்படும் பெண்ணுக்கு இதைவிட எளிதான வாய்ப்பு கிடைக்காது. ஆனால் பெண்ணுக்குத் தெரியாமல் பொருத்தினால் அது சிகிச்சை ஆகாது, அத்துமீறல் ஆகும். அத்தகைய ஒரே நிகழ்வு, ஓர் ஊரையே காப்பர்-டியிலிருந்து விலக்கிவிடப் போதும்.

நன்கு பொருந்திய காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டு, 375 வகை ஐந்து ஆண்டு பாதுகாப்புத் தரும். ஓராண்டில் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே கரு தங்கும். எடுத்த உடனே கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும்.

ஊசியும் மாத்திரையும் இங்கே ஏன் பரவவில்லை?

மேற்கு வங்கத்திலும் அசாமிலும் தினசரி மாத்திரை எடுக்கும் பெண்கள் மிக அதிகம். அதே நாடு, அதே தேசியத் திட்டம், அதே இலவச 'மாலா-என்' மாத்திரை. இங்கேயுள்ள பெண்களின் உடல்வாகு மாத்திரைக்கு ஒத்துவராது என்று யாரும் சொல்ல முடியாது. மருத்துவமனை எதை முன்வைக்கிறது, அக்காவும் சித்தியும் எதைப் பயன்படுத்தினார்கள் என்பவையே ஒரு பகுதியின் வழக்கத்தை உருவாக்குகின்றன.

மாத்திரையை நாள் தவறாமல் எடுத்தால் பாதுகாப்பு மிக நன்றாக இருக்கும். நடைமுறையில் மறதி வந்துவிடுவதால் ஓராண்டில் நூற்றுக்கு ஏழு பேர் வரை கருவுறுகிறார்கள். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண் முன் ஒளிக்கீற்றுகள் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகாத, பால் கொடுக்கும் தாய்மார்கள் 'மாலா-என்' போன்ற, இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த கலவை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். இலக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆய்வு நிலையம் கண்டுபிடித்த 'சாயா'வில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரு முறையும் அதன் பின் வாரம் ஒரு முறையும் எடுக்க வேண்டும், பால் கொடுப்பவர்களும் எடுக்கலாம்.

'அந்தரா' ஊசி 2017 முதல் அரசுத் திட்டத்தில் இருக்கிறது. அதைப் போட்டால் மாதவிடாய் ஒழுங்கு மாறும், பலருக்கு நின்றே போகும். இதனால் உடலுக்குத் தீங்கில்லை. ஆனால் "தீட்டு வெளியே போகாமல் உள்ளே தங்கி உடம்பைக் கெடுக்கும்" என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருப்பதால் இரண்டாவது ஊசிக்கு வராமலே போய்விடுகிறார்கள். ஊசியை நிறுத்திய பின் கருத்தரிக்கும் திறன் திரும்பச் சில மாதம் ஆகும், ஓராண்டை ஒட்டியும் போகலாம். விரைவில் குழந்தை வேண்டும் என்று நினைப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

படிப்பும் வருமானமும் தேர்வை மாற்றுகின்றனவா?

மாற்றுகின்றன. இந்தியா முழுவதும் பார்த்தால், பள்ளிப்படிப்பு கூடக் கூட அறுவை சிகிச்சை செய்துகொள்வோர் விகிதம் குறைகிறது, ஆணுறை போன்ற தற்காலிக முறைகள் கூடுகின்றன. படித்தவர்கள் தாமதமாக மணம் செய்கிறார்கள், கணவரோடு பேசிக்கொள்கிறார்கள், மருந்துக்கடைக்குப் போய்க் கேட்கக் கூசுவதில்லை. நாட்கூலிப் பெண்ணுக்கோ ஒவ்வொரு மருத்துவமனை நடையும் ஒரு நாள் சம்பளம். அவர் மீண்டும் மீண்டும் போக வேண்டிய முறையைத் தவிர்ப்பதில் வியப்பில்லை.

மதம், ஆண் குழந்தை ஆசை போன்றவை?

ஓரளவுக்கு உண்டு. இந்திய அளவில் முஸ்லிம் பெண்களிடையே அறுவை சிகிச்சை இந்துப் பெண்களைவிடக் குறைவு, தற்காலிக முறைகள் அதிகம். இரண்டும் பெண் குழந்தைகளாக இருக்கும் வீட்டில் அறுவை சிகிச்சை தள்ளிப்போவதும் உண்மை.

திருமணமாகாத பெண்கள் என்ன செய்வது?

அரசுத் திட்டம் மணமானவர்களை மனத்தில் வைத்தே அமைந்திருக்கிறது. சுகாதார நிலையத்தில் தாலி இல்லாத பெண் இதைப் பற்றிக் கேட்டால் பதிலுக்கு முன் பார்வைதான் கிடைக்கும். ஆனால் மணமாகாதவர் காப்பர்-டியோ மாத்திரையோ பெறக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கருத்தடை தவறி உண்டான கர்ப்பத்தைக் கலைக்கும் உரிமை முன்பு மணமான பெண்ணுக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. 2021இல் திருத்திய சட்டம் அதை எல்லாப் பெண்களுக்கும் விரித்திருக்கிறது.

அவசரக் கருத்தடை மாத்திரையை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் எடுக்க வேண்டும். ஏற்கெனவே தங்கிய கருவை அது கலைக்காது. தமிழ்நாட்டு மருந்துக்கடைகள் பலவற்றில் அது எளிதில் கிடைப்பதில்லை என்ற குறை நெடுநாளாக இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் கேட்டுப் பெறலாம். ஆணுறை ஒன்றே கருத்தடையோடு பால்வினை நோய்களிலிருந்தும் காக்கும் என்பதை எல்லாருமே அறிந்திருக்க வேண்டும்.

ஒரு முறை ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாமா? செவிலியரிடம் எப்படிக் கேட்பது?

தாராளமாக மாற்றலாம். காப்பர்-டியை எடுக்கச் சொல்லும் பெண்ணிடம் "இன்னும் ரெண்டு மாசம் பாரும்மா" என்று ஆலோசனை சொல்லலாம்; எடுக்க மறுக்க யாருக்கும் உரிமையில்லை.

ஏழாம் மாதச் சோதனைக்கு முன்பே பேச்சைத் தொடங்குவது நல்லது, பிரசவ வலியோடு யோசிக்க முடியாது. கூட வந்தவர்களைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லுமாறு செவிலியரிடமே கேட்கலாம். அவர்கள் அதை இயல்பாகச் செய்துவிடுவார்கள். "எனக்கு அடுத்த குழந்தை மூன்று வருஷம் கழித்துத்தான் வேண்டும்" என்றோ, "இனி வேண்டாம், ஆனால் ஆபரேஷனும் இப்போது வேண்டாம்" என்றோ விருப்பத்தை முதலில் சொல்லிவிட்டு, அதற்கு என்னென்ன வழி இருக்கிறது என்று கேளுங்கள். இரத்த அழுத்தம், தலைவலி, அதிக உதிரப்போக்கு, முன்பு எடுத்த மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எந்தத் தொல்லை வந்தால் காத்திருக்கலாம், எது வந்தால் உடனே வர வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிவு செய்த முறையைப் பேறுகால அட்டையில் எழுதச் சொல்லி, எழுதியதை ஒரு தடவை படித்துப் பாருங்கள். பிரசவ வார்டில் பணியில் இருப்பவர் வேறொருவராக இருப்பார், அவருக்கு அந்த அட்டையில் இருப்பது மட்டுமே தெரியும்.